செங்கல்லில் மீறிய இலக்கணம்: விக்டோரியா காலத்துச் சேகர ஆலயங்கள்

ஆலைகள் பெருகிய ஊர்களில் ஜனங்கள் குவிய, ஞாயிறு ஆராதனைக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. 1818இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் புது ஆலயங்களுக்குப் பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கியது. அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் பல சிக்கனக் கூடங்கள்; கூர்வளைவுச் சன்னல் வைத்ததும் இடைக்காலக் கோதிக் பாணி ஆகிவிட்டதாக நினைப்பு. விக்டோரியா காலத்துக் கட்டடக் கலைஞர்களின் முதல் கோபமே இவற்றின்மேல்தான்.

அந்தக் கோபத்துக்குக் கொள்கை வகுத்தவர் கட்டடக் கலைஞர் பியூஜின். கட்டடத்துக்கு வேண்டாத உறுப்பு எதுவும் கூடாது, அலங்காரம் கட்டுமானத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்று 1841இல் எழுதினார். அவர் கத்தோலிக்கர். ஆங்கிலிக்கன் தரப்பில் சட்டாம்பிள்ளை வேலை பார்த்தது, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1839இல் தொடங்கிய கேம்டன் கழகம். அதன் கணக்கில் பதினான்காம் நூற்றாண்டை ஒட்டிய பாணியே உத்தமம். பலிபீடப் பகுதி சபையார் அமரும் கூடத்திலிருந்து தனித்துத் தெரிய வேண்டும். பணக்காரக் குடும்பங்கள் கதவு போட்டு அடைத்துக்கொண்ட இருக்கைகள் ஒழிய வேண்டும். புது ஆலயம் எழுந்தால் கழகத்தின் பத்திரிகை அதைத் தாட்சண்யமின்றி மதிப்பிட்டது. கேம்பிரிட்ஜ் வட்ட ஆலயத்தைப் புதுப்பித்தபோது கல்லில் பலிபீடம் அமைக்கப்போய், 1845இல் திருச்சபை நீதிமன்றத்தில் தோற்றதும் இவர்கள்தான்.

இத்தனை கறார் பேசியவர்களின் முன்மாதிரி ஆலயம், லண்டன் மார்கரெட் தெருவில் பட்டர்ஃபீல்ட் கட்டிய 'ஆல் செயின்ட்ஸ்' (1850–59). பழைய கிராமத்துக் கல் ஆலயத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இடம் நெருக்கடியானது; கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது, ஊசிக்கோபுரம் 227 அடி. சிவப்புச் செங்கல்லில் கருஞ்செங்கல் பட்டைகள், உள்ளே ஓடுகளும் சலவைக்கல்லும் கலந்த வண்ணக் கோலங்கள். வெளிச்சுவரின் நிறம் பூசியதல்ல, சுவரோடு சேர்த்துக் கட்டியது. லண்டன் புகைக்கரி படிந்தாலும் கழுவினால் மீண்டும் தெரியும். பியூஜின் சொன்னதை எவரைவிடவும் நேராகப் பின்பற்றிய சுவர் இது என்பேன். கலை விமர்சகர் ரஸ்கின் மெச்சினார். அலங்கோலம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

செங்கல்லைப் பற்றி இருந்த கூச்சம் அதோடு தெளிந்தது. கட்டடக் கலைஞர் ஸ்ட்ரீட் இத்தாலியச் செங்கல் வேலையைப் படித்துவந்து வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் ஆலயம் கட்டினார். பியர்சன் கில்பர்னில் கல் விலாக்களுக்கு நடுவே செங்கல்லாலேயே வளைகூரை எழுப்பினார். 1870களில் போட்லி, பென்டில்பரியில், ஆங்கிலப் பாணியின் அடக்கத்துக்கே திரும்பினார். தாங்குசுவர்களை உள்ளே இழுத்துக்கொண்டதால் வெளிச்சுவர் ஒரே தளமாக நிற்கிறது.

புதிதாகக் கட்டியவர்களுக்கு உதவிய இலக்கணம் பழைய ஆலயங்களுக்கு எமனாயிற்று. 'சரியான' நூற்றாண்டைத் தேடிப் பிற்காலச் சன்னல்களையும் மாடங்களையும் பெயர்த்தெறிந்தார்கள். டூக்ஸ்பரி ஆலயத்துக்குக் கட்டடக் கலைஞர் ஸ்காட் போட்ட திருப்பணித் திட்டத்தைக் கண்டு கொதித்த வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ், 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அதுவரை ஆலயங்களுக்கு வண்ணக் கண்ணாடி விற்றுச் சம்பாதித்த அவர் நிறுவனம், அப்படிப் 'புதுப்பிக்கப்படும்' பழைய ஆலயங்களுக்குப் புதுக் கண்ணாடி தருவதில்லை என்று அறிவித்துவிட்டது.