கல்லிலிருந்து கங்கா வரை

கதை மரபில் ஒரே கதைக்கரு திரும்பத் திரும்ப வருவதைக் கற்பனை வறட்சி என்று சொல்லும் விமர்சனம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. அகலிகை கதையை எடுத்துக்கொண்டால் அந்த விமர்சனம் நிற்காது. வால்மீகியின் பாலகாண்டத்தில் அவள் கல்லாவதில்லை. காற்றை உண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். தமிழில் கல் மிக முன்பே வந்துவிட்டது. பரிபாடலின் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைப் பார்க்க வந்தவர்கள் ஓவியத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார்கள்: பூனை உருவில் இந்திரன், அகலிகை, சினம் கொண்ட கௌதமன், அவள் கல்லான நிலை. கம்பனும் அந்தக் கல்லையே எடுத்துக்கொண்டான். வந்தவன் இந்திரன் என்று உணர்ந்த பிறகும் அவள் விலகவில்லை என்கிறான். அவள் மனத்தால் பிழை செய்யாதவள் என்று விசுவாமித்திரனையும் சொல்லவைக்கிறான். இந்த முரணை அவன் மறைக்காமல் விட்டதுதான் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்த சொத்து.

1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசனம்’ கம்பன் முடித்த இடத்தில் தொடங்குகிறது. சாபம் நீங்கிய பெண் அதன் பிறகு எப்படி வாழ்வாள்? ஆற்றங்கரையில் எதிர்ப்படும் ஆண் நிழலுக்கெல்லாம் அவள் மனம் கூசுகிறது. தன்னை மன்னித்த அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதையின் வாயாலேயே கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். ராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம் என்று ஆசிரியரே தொடக்கத்தில் குறித்திருந்தார். மூலத்துக்கு மாறாக எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான் உண்டு: வால்மீகியோடு ஒப்பிட்டால் கம்பனும் மாற்றியவனே. அதற்காக, தலைகீழாக்கிய எல்லாமே இலக்கியம் ஆகிவிடாது. முந்தையவர் கேட்காமல் விட்ட கேள்வியைப் பிந்தையவர் கேட்டாரா என்பதே உரைகல். வெறும் வீம்புக்குத் திருப்பிய கதைகள் அதில் தேறுவதில்லை.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. தலைப்பு சீதையுடையது, நடப்பதோ அகலிகையின் கதை. மழை நாளில் முன்பின் அறியாத ஒருவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, அதை நெருப்பாக நினைத்துக்கொள் என்கிறாள். இதில் முனிவனும் இல்லை, அவதாரமும் இல்லை. தீர்ப்புச் சொல்லும் உரிமை முதன்முறையாக ஒரு பெண்ணின் கைக்கு வருகிறது. அந்த மகள் அறியாச் சிறுமி, அறிந்து இசைந்த அகலிகையோடு எப்படிச் சேரும் என்று மறுப்பார்கள். குற்றத்தின் அளவு வேறுதான். ஆனால் தூய்மையைத் திருப்பித் தரும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே.

அந்தத் தாயின் கருணையை ஜெயகாந்தனே பிறகு சோதித்தார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே நிலைக்கு ஆளாகும் கங்காவின் தாய் தண்ணீர் ஊற்றவில்லை. கூச்சல் போட்டு ஊரைக் கூட்டுகிறாள். அந்நாவல் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977இல் ஏ. பீம்சிங் அதைப் படமாக்க, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. பழைய சிறுகதையோ நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக வருகிறது. தன் தாய் செய்யத் தவறியதைச் செய்துவிட்ட ஒரு தாயை, கங்கா அங்கே அச்சில் பார்க்கிறாள்.