தரிசனமும் பிரமாணமும்: சாது சுந்தர் சிங்கின் மறுமைக் காட்சிகளும் ஏ.ஜே. அப்பாசாமியின் அளவுகோலும்

பி.எச். ஸ்திரீட்டரும் ஏ.ஜே. அப்பாசாமியும் இணைந்து எழுதிய 'தி சாது' 1921இல் வெளிவந்தது. பாளையங்கோட்டையில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற அப்பாசாமிக்குத் தரிசனம் வெறும் நூற்பொருளன்று. சைவத்தினின்று கிறித்தவத்தைத் தழுவிய அவர்தம் தந்தை ஏ.எஸ். அப்பாசாமிப் பிள்ளை, பிற்காலத்தில் யோகத்தைச் செபத்தோடு இணைத்துப் பயின்றவர். நூலில் காணப்படும் பரிவுக்கு இப்பின்புலமும் ஒரு காரணமாகலாம்.

சாதுவின் பரவசத்தை அறிதுயிலினின்றும் ஆவியுலகத் தொடர்பாளரின் மயக்கத்தினின்றும் இந்நூல் வேறுபடுத்துகிறது. பரவசம் வலிந்து தேடப்படுவதன்று, அருளப்படுவது என்பதே சாதுவின் நிலைப்பாடு. அதன் மெய்ம்மைக்கு அவருடைய துறவும் அன்பும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. இங்குதான் இடறல் தோன்றுகிறது. வாழ்வின் கனிகள் கண்டவரின் நேர்மையை நிறுவுமேயன்றிக் கண்ட பொருளின் மெய்ம்மையை நிறுவா. நேர்மையாளரும் பிழைபடக் காணக்கூடும்.

1926இல் சாது வெளியிட்ட ஆவியுலகக் காட்சிகள் பற்றிய சிறுநூல் இவ்விடறலைப் பெரிதாக்குகிறது. இறக்கும் குழந்தையின் உயிர் எவ்வாறு ஏற்றுக்கொள்ளப்படுகிறது, ஒரு ஜெர்மானியத் தத்துவ அறிஞரின் உயிர் அங்கு என்ன நிலை எய்துகிறது என்றெல்லாம் அது விரித்துரைக்கிறது. மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவத்தைக் குறிப்பிடும் பவுலோ (2 கொரிந்தியர் 12) அங்குக் கேட்டவற்றைச் சொல்லாமலே விடுகிறார். விரிவு மிகுந்தோறும் சோதிக்க வேண்டிய கூற்றுகளும் மிகுகின்றன. நரகத்திலும் இறையன்பு செயற்படுகிறது என்று சாது தரிசனத்தில் உணர்ந்ததை 1921ஆம் ஆண்டு நூலே பதிவுசெய்கிறது. திருச்சபையின் மரபுவழிப் போதனையோடு எளிதில் பொருந்தாத இக்கருத்தைக் கனிகளைக் கொண்டு மட்டும் எவ்வாறு அளப்பது?

ஐரோப்பிய விவாதம் இவ்வினாவுக்கு உதவவில்லை. சேசு சபையினரான ஓஸ்தன், உளப்பகுப்பாய்வாளர் ஆஸ்கர் பிஃபிஸ்டர் ஆகியோர் சாதுவை ஐயுற்றனர். ஃபிரீட்ரிக் ஹைலர் அவருக்காக வாதாடினார். கைலாச மகரிஷியைச் சந்தித்ததாகச் சாது கூறியது வரலாற்றுக் கூற்று. விண்ணுலகக் காட்சி அத்தகையதன்று. முன்னதற்கு இடமும் சாட்சியும் தேடலாம். இருவேறு வகைக் கூற்றுகளும் 'சாது உண்மையாளரா?' என்ற ஒற்றை வழக்கிற்குள் அடைக்கப்பட்டதால், தரிசனத்தின் உட்பொருள் ஆராயப்படாமலே நின்றது.

அப்பாசாமியின் பிற்காலச் சிந்தனை இதற்கு வழி திறக்கிறது. கிறித்தவப் பிரமாணங்களைப் பற்றி 1971இல் வெளிவந்த நூலில் அவர் சுருதி, யுக்தி, அனுபவம், சபை என்னும் நான்கையும் எடுத்துரைக்கிறார். இந்திய அளவையியலின் சொற்களை வெறும் அணியாக அன்றிக் கருவியாகவே அவர் கையாள்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. இதன்படி தரிசனம் அனுபவத்தின்பாற்படும். பிற மூன்றோடும் வைத்து எண்ணப்படும்வரை அது சான்றாகாது. ஆவிகளைச் சோதித்தறியக் கூறும் 1 யோவான் 4உம் அப்பணியைத் தனியொருவருக்கன்றிச் சமூகத்திற்கே விடுக்கிறது.

ஆயினும் 'சபை' யாது என்பது எளிய வினாவன்று. அபிராமபுரத்தை அடுத்த கிரீன்வேஸ் சாலையில் வேரூன்றிய 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் நிறுவனர் டி.ஜி.எஸ். தினகரனின் (1935–2008) ஊழியத்திலும் தரிசனச் சாட்சிக்கு முதன்மையான இடமுண்டு. இறப்பின் விளிம்பினின்று மீண்டோர் சாட்சிகளும் தமிழ்ப் பெருங்கூட்டங்களுக்குப் புதியன அல்ல. பல திருச்சபைகளைச் சார்ந்தோர் ஓரிரவு கூடிக் கலையும் மைதானத்தில், சாட்சி கூறியவரை மறுநாள் வினவும் உரிமை எச்சபைக்கு உரியது என்பதை அப்பாசாமியின் நான்காம் பிரமாணம் தெளிவாக்கவில்லை.