கதிரோடு விடப்பட்ட தானியம்

இறைத்தூதர் யூசுப் (அலை) அவர்களின் வரலாறு புலவர்களின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த ஒன்று. 15ஆம் நூற்றாண்டில் ஜாமீ அதனைப் பாரசீகத்தில் காவியமாக்கினார். தமிழில் கவிஞர் சாரணபாஸ்கரன் ‘யூசுப் ஜுலைகா’ தந்தார். நம் இலக்கிய அரங்குகளில் இவ்வரலாறு பேசப்படும்போதெல்லாம் அழகும் காதலும் கிணறும் சிறையும் தந்தையின் கண்ணீரும் விரித்துரைக்கப்படுகின்றன. அரசரின் களஞ்சியத்தை அவர் நிர்வகித்த பகுதியோ இரண்டொரு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. குறை புலவர்களுடையதன்று, சுவைக்கும் நம்முடையது என்பதே நம் கருத்து.

அப்பகுதியைச் சற்று ஊன்றி நோக்குவோம். கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்னக் கண்ட அரசரின் கனவுக்கு விளக்கம் சொன்னதோடு அவர் நிற்கவில்லை, திட்டமும் சொன்னார். அதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, செழிப்பான ஆண்டுகளிலும் உழைப்பு நிற்கக்கூடாது. அங்கு வரும் ‘தஅப்’ என்னும் அரபுச் சொல் இடைவிடாத வழக்கமான உழைப்பைக் குறிக்கும். இரண்டாவது, உண்பதற்கு வேண்டிய சிறிதளவு நீங்கலாக, அறுவடையைக் கதிரோடு விட்டுவைக்க வேண்டும். கதிரிலுள்ள மணி எளிதில் கெடாது. அடித்துத் தூற்றாத கதிரை நினைத்தவுடன் அள்ளித் தின்னவும் இயலாது. மூன்றாவது, பஞ்ச காலத்திலும் ஒரு சிறு பங்கைத் தொடாமல் காக்க வேண்டும். அது விதைக்காக என்பர் விரிவுரையாளர்.

இதனை இன்று எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. நம் ஊர்களிலிருந்து இளைஞர்கள் அங்கு சென்றனர். கொழுத்த பசுக்களின் காலம் நமக்கும் வாய்த்தது. அக்காலத்தைப் பற்றி நம்மிடையே தோன்றிய பாட்டும் கதையும் பெரும்பாலும் பிரிவையே பேசின. கடிதத்துக்குக் காத்திருக்கும் மனைவியையும் தந்தையின் முகமறியாத பிள்ளையையும் அவை உருக்கமாகக் காட்டின. அவ்வுருக்கம் பொய்யன்று. ஆயினும் வந்த பணம் எங்கே போயிற்று, அது நின்றால் வீடு எப்படி நிற்கும் என்ற வினா எழுப்பப்பட்டது மிகக் குறைவு. பணம் அனுப்பிய நாடுகளுள் ஒன்றான குவைத்தோ, 1976லேயே வருங்காலத் தலைமுறையினருக்கென ஒரு நிதியம் அமைத்து, அரசு வருவாயில் பத்தில் ஒரு பங்கை அதிற் சேர்க்கச் சட்டம் செய்தது. எண்ணெய்க்கு உரியவர் கதிரோடு சேமிக்க, கூலிக்குச் சென்ற நாம் மணியை அடித்துண்டோம்.

‘எண்ணெய் என்றைக்குத் தீரும்?’ என்று கேட்போர் உளர். 1956இல் ஹப்பர்ட் என்னும் அமெரிக்க நிலவியலறிஞர், தம் நாட்டு எண்ணெய் உற்பத்தி 1970 அளவில் உச்சம் தொட்டு இறங்கும் எனக் கணித்தார். அவ்வாறே நிகழ்ந்தது. ஆனால் பாறையைப் பிளந்தெடுக்கும் புதுமுறையால் 2018இல் அவ்வுச்சமும் கடக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் வாங்குவாரின்றி அமெரிக்க எண்ணெயின் விலை ஒருநாள் பூச்சியத்துக்கும் கீழே போயிற்று. கிணறு வற்றியும் எண்ணெய்க் காலம் முடியலாம். கிணறு நிறைந்திருக்க வேண்டுவோர் குறைந்தும் முடியலாம். யூசுப் (அலை) அவர்களுக்கு ஏழு என்னும் எண் அறிவிக்கப்பட்டது. நமக்கு எந்த எண்ணும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே ஆயத்தம் நமக்கு இன்னும் கடமையாகிறது.

அரபு மொழியில் இவ்வினாவை நேர்நின்று எழுப்பியவர் அப்துர் ரஹ்மான் முனீஃப். எண்ணெய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, அத்துறையிலேயே பணியாற்றியவர். 1984 முதல் 1989 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவருடைய ‘உப்பு நகரங்கள்’, பேரீச்ச மரங்கள் நிறைந்த ஒரு பாலைவனச் சோலை எண்ணெய்க்காகச் சிதைக்கப்படுவதிலிருந்து தொடங்குகிறது. நீர் பட்டால் கரையும் உப்பைப் போன்றவை எண்ணெயால் எழுந்த நகரங்கள் என்பது தலைப்பின் குறிப்பு. இழப்பை இத்துணை நுணுக்கமாகச் சொன்ன நாவல் அரிது. எனினும் அதிலும் நாம் ஒரு குறை காண்கிறோம். கரைவதைக் காட்டிய அளவுக்குக் கரையாமல் காக்கும் வழியை அது காட்டவில்லை. முனீஃப் தந்தது கனவு. விளக்கம் நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

அண்மையில் நாம் திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்துக்குச் சென்றிருந்தோம். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அங்குள்ள தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். அவர் தந்தை வளைகுடாவில் நெடுங்காலம் லாரி ஓட்டியவர். அப்பேட்டையில்தான் 2024 ஜனவரியில், ஆண்டுக்கு 3,300 மெகாவாட் அளவுக்குச் சூரிய மின்தகடு செய்யும் பர்ஸ்ட் சோலார் ஆலை திறக்கப்பட்டது. சற்றுத் தொலைவில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் பெட்ரோல் கார்களைச் செய்துவந்த ஹூண்டாய் நிறுவனம், இப்போது மின்சாரக் காரும் செய்கிறது.

“அத்தா எண்ணெயில் பிழைத்தார்கள், ஹஜ்ரத், நான் வெயிலில் பிழைக்கிறேன். இனி எங்களுக்குக் கவலையில்லை அல்லவா?” என்றார் மாணவர்.

நாம் உடனே ஆம் என்று சொல்லவில்லை. இதே திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை பல்லாயிரவருக்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் அங்கு உற்பத்தி நின்றது. எண்ணெய் மட்டுமன்று, ஆலையும் வற்றும்.

மாலையில் அவர் நம்மைப் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். இப்பகுதியில் ஏரி வெட்டிய முன்னோர் அடுத்த ஆண்டு மழை எவ்வளவு என்பதை அறிந்தவர் அல்லர். அறியாததனாலேயே கரை எழுப்பினர். அளந்து விட மதகும், மிகுந்ததை வெளியேற்றக் கலங்கலும் வைத்தனர். யூசுப் (அலை) அவர்களின் களஞ்சியத்தைத் தமிழ் மண் தண்ணீரால் கட்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம்.

களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது அவர்கள் தம் தகுதிகளாகக் கூறியவை இரண்டு: காக்கும் இயல்பு, அறிவு. நம் குடும்பங்கள் இவ்விரண்டையும் இணைத்தே பற்ற வேண்டும். வருவாயில் ஒரு பங்கு, உடனே உண்ண இயலாத வடிவில், ஆண் பெண் இருபாலரின் கல்வியாகவும் கைத்தொழிலாகவும் நிற்கட்டும். ஒரு பங்கு, ஊர் ஜமாஅத்தின் பைத்துல்மாலில், வேலையிழந்து திரும்புவோரின் விதையாக இருக்கட்டும். மாளிகைக்கும் திருமண ஆடம்பரத்துக்கும் போவதில் பாதியேனும் இவற்றுக்குப் போதும்.

எழுதுவோரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. பிரிவின் கண்ணீரைப் போதுமான அளவு பாடிவிட்டோம். திரும்பி வந்த தந்தையும் பிள்ளைப்பாக்கத்து மகனும் ஒரே பாயில் அமர்ந்து மாதச் சம்பளத்தைப் பங்கிடும் இரவை ஒருவர் எழுதட்டும். அந்நூலை நாமும் இன்ஷா அல்லாஹ் நம் மாணவர்க்குச் சூரா யூசுபோடு சேர்த்துப் பாடமாகச் சொல்வோம்.