அறிவிக்கப்படாத விடுதலை

1962-இல் வெளிவந்த ‘கேப் ஃபியர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை அச்சமூட்டும் படம் என்றே பலரும் போற்றுவர். நாம் அதன் தொடக்கக் காட்சியொன்றில் சற்றே நின்று நோக்குவோம். வழக்கறிஞர் சாம் பௌடன் நீதிமன்றத்தினின்று வந்து காரில் அமர்கிறார். ஒரு கை நீண்டு வண்டிச் சாவியைப் பறிக்கிறது. தாம் அளித்த சாட்சியத்தால் 8 ஆண்டுகள் சிறையிலிருந்த மேக்ஸ் கேடி விடுதலையானதை அவர் அப்போதுதான் அறிகிறார்.

அரசு சொல்லவேண்டிய செய்தியைக் குற்றவாளியே வந்து சொல்கிறான். இயக்குநர் ஜே. லீ தாம்சனும் நடிகர் ராபர்ட் மிச்சமும் அக்கணத்தை மறக்க இயலாததாக்கியுள்ளனர். எனினும் படத்தின் பெருங்குறையும் இங்கேயே தொடங்குகிறது. பௌடன் காவல்துறைத் தலைவரை நாடுகிறார், துப்பறிவாளரை அமர்த்துகிறார். ஆனால், அன்று கேடியால் தாக்கப்பட்ட பெண்ணுக்குச் செய்தி சொன்னவர் உண்டா? படத்தில் எவரும் அதைக் கேட்பதில்லை.

வாழ்க்கை இக்கேள்வியைக் கொடிய முறையில் எழுப்பிற்று. 1993-இல் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஓர் இளம்பெண், தம்மைத் தாக்கிச் சிறைப்பட்டவன் பிணையில் வெளிவந்ததை அறியாமலே அவன் கையால் மாண்டார். 1994-இல் அங்கே தொலைபேசிவழி அறிவிக்கும் ஏற்பாடு பிறந்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்க நடுவண் அரசின் வழக்குகளில் அவ்வறிவிப்பைப் பாதிக்கப்பட்டோரின் உரிமையாக்கிற்று.

சிறையினின்று வருவோர் அனைவரும் கேடிகள் அல்லர். அவர்கள் திருந்தி வாழ இடமளிப்பது நம் கடமை. விடுதலை நாளைப் பாதிக்கப்பட்டவருக்கு முன்னரே தெரிவிப்பதால் அக்கடமை குன்றாது. இப்படத்தை மீண்டும் காண நேர்ந்தால், அதில் முகம் காட்டப்படாத அப்பெண்ணையும் நினைவில் கொள்வோம்.