ஆமத்தூர் வீட்டுக்கு எந்தக் கெட்டில்பெல்?

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில், ஆமத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேருக்கு உட்கார்ந்த வேலை. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைப்பது, வெடி ஆபீஸில் திரி செருகுவது, லேபிள் ஒட்டுவது, அச்சகத்தில் தாள் மடித்து அடுக்குவது என்று எல்லாமே தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, மணிக்கணக்கில் செய்கிற வேலைகள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது இடுப்பு பிடித்திருக்கும், கழுத்து இறுகியிருக்கும். தைலம் தேய்த்துப் படுத்தால் மறுநாள் மறுபடி அதே வேலை.

இவர்களிடம் "நடங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நடப்பது நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நடையோடு நிற்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி என்கிறது. அந்த இரண்டாவது பாதிக்கு நம் ஊரில் வழி இல்லை. ஜிம்முக்கு விருதுநகர் அல்லது சிவகாசி போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்வருவதற்குள் பொழுது போய்விடும். பெண்களுக்கு அங்கே போவதற்கே ஆயிரம் தயக்கம். வீட்டிலேயே, ஒரே பொருளை வைத்து, அரைமணிக்குள் முடிகிற பயிற்சி உண்டா என்று தேடியபோதுதான் கெட்டில்பெல்லை எடுத்துப் பார்த்தேன்.

அதைத் தேர்ந்தெடுக்க ஓர் ஆய்வும் காரணம். டென்மார்க்கில் கென்னத் ஜே என்பவரும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்டது. ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கழுத்து, தோள், இடுப்பு வலியோடு இருந்த 40 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் வாரம் 3 முறை, முறைக்கு 20 நிமிடம் என 8 வாரம் கெட்டில்பெல் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் கழுத்து வலியும் இடுப்பு வலியும் குறைந்தன, முதுகின் பலம் கூடியது. மூச்சுத்திறன் மட்டும் கூடவில்லை. ஆகவே நடையை விட்டுவிட்டு இதற்கு வரக் கூடாது. நடையும் வேண்டும், இதுவும் வேண்டும். அந்த 40 பேரின் வேலைச் சூழல் வேறு. தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களிடம் இதே பலன் அப்படியே வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வலிக்கிற இடமும் வலிக்கான காரணமும் இவ்வளவு ஒத்துப்போகும்போது முயன்று பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

பொருள் எளிமையானது. அடி தட்டையான ஓர் இரும்புக் குண்டு, மேலே வளைந்த கைப்பிடி, அவ்வளவுதான். டம்பெல்லைப் பிடித்தால் எடை உள்ளங்கைக்கு இரு பக்கமும் சமமாக நிற்கும். இதில் எடை முழுவதும் பிடிக்குக் கீழே தொங்குகிறது. ஆட்டினால் ஊசலாடும். அந்த ஆட்டத்தைக் கிளப்புவது பிட்டமும் பின்தொடையும், அடக்கி நிறுத்துவது வயிறும் முதுகும். நாள் முழுக்க உட்கார்ந்து மரத்துப்போகிற தசைகள் இவைதான்.

ரஷ்யாவில் பிறந்தது. அங்கே பழைய எடை அளவான பூட் என்பது 16.38 கிலோ. கெட்டில்பெல்கள் 8, 16, 24, 32 கிலோ என்று அடுக்கப்பட்டிருப்பதற்கு அந்த அளவே காரணம். இடையில் 12, 20, 28 பின்னர் வந்தவை. போட்டிக்கான எஃகுக் குண்டுகளில் எடைக்கு ஒரு நிறம் உண்டு: 8 கிலோ இளஞ்சிவப்பு, 12 நீலம், 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு.

கடையிலும் இணையத்திலும் கிடைப்பவற்றில் நான்கு வகையையும் வாங்கியோ இரவல் பெற்றோ ஆமத்தூர் வீட்டு முற்றத்தில் பயன்படுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பியது, ஒரே வார்ப்பாக ஊற்றிய இரும்பு, போட்டி வகை எஃகு, தட்டுகளைச் சேர்த்தும் கழற்றியும் எடையை மாற்றிக்கொள்வது.

சிமென்ட் வகை மலிவு. அதனால்தான் முதலில் கண்ணில் படுகிறது. வாங்க வேண்டாம். மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் வைத்தபோது அரை கிலோவுக்கு மேல் குறைவாகக் காட்டியது. எடை குறைந்தாலாவது பரவாயில்லை. குண்டு தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதால் கால்களுக்கு நடுவே வரும்போது தொடையில் இடிக்கிறது. கைப்பிடியில் இரண்டு அச்சும் சேர்ந்த விளிம்பு கத்தி மாதிரி துருத்தி நிற்கிறது. அதைப் பிடித்து ஸ்விங் செய்தால், அதாவது கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசி ஆட்டினால், உள்ளங்கைத் தோல் கிழியும். கீழே வைக்கும்போது உறை விரிசல் விட்டுச் சிமென்ட் தூள் உதிர்கிறது. மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

எடை மாற்றும் வகை இடத்தை மிச்சப்படுத்துகிறது, பல எடைகளுக்கான செலவையும் குறைக்கிறது. ஆனால் ஆட்டும்போது உள்ளே தட்டுகள் இலேசாக நகர்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பூட்டு தளர்ந்திருக்குமோ என்ற நினைப்போடு தலைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. பழகியவர்கள் வாங்கட்டும், முதல் குண்டாக வேண்டாம்.

போட்டி வகை எஃகு மிக நேர்த்தி. 8 கிலோவும் 32 கிலோவும் வெளித்தோற்றத்தில் ஒரே அளவு என்பதால் எடை கூடினாலும் கையின் பழக்கம் மாறாது. கைப்பிடி 33 அல்லது 35 மில்லிமீட்டர் கனம். விலைதான் அதிகம். அதோடு கைப்பிடி வளையம் சற்றுக் குறுகல் என்பதால் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவது நெருக்கடி. தொடக்கத்தில் நாம் இரண்டு கையால்தான் ஆட்டப் போகிறோம்.

மிஞ்சுவது வார்ப்பிரும்பு. எனக்குத் திருப்தி தந்தது இதுதான். வாங்கும்போது பார்க்க வேண்டியவை சிலவே. கைப்பிடியும் குண்டும் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும், பற்றவைத்த தடம் இருக்கக் கூடாது. கைப்பிடியின் உட்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், எங்கும் பிசிறு தட்டக் கூடாது. தரையில் வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்தது வியர்வையில் வழுக்கும். மங்கலாகவும் இலேசாகச் சொரசொரப்பாகவும் இருக்கும் பவுடர் கோட்டிங் நம் வெயிலுக்குத் தோது. 12 கிலோவுக்கும் 16 கிலோவுக்கும் இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் ரூபாய்க்குள் கேட்கிறார்கள். எடை அதிகம் என்பதால் அனுப்பும் கட்டணம் தனியாகச் சேரும், அதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி பயிற்சி. வெளிநாட்டுப் புத்தகங்களில் ஆழமாகக் குந்துவதற்குப் பக்கம் பக்கமாகப் பாடம் இருக்கும். நமக்கு அது தேவையில்லை. குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் துலக்குகிற, பேசிக்கொண்டே அரைமணி குந்தியிருக்கிற உடம்பு நம்முடையது. டான் ஜான் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரப்பிய காப்லெட் ஸ்குவாட், அதாவது குண்டை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழுவது, இங்கே முதல் நாளே கைவருகிறது. நமக்கு வராதது வேறு. கீழே கிடப்பதை எடுக்க நாம் முதுகை வளைத்துக் குனிகிறோம். முதுகு நேராக இருக்க, பிட்டத்தைப் பின்னால் தள்ளி இடுப்பில் மடங்குவது நம் பழக்கத்தில் இல்லை. கெட்டில்பெல்லின் உயிரே அந்த மடிப்பில்தான் இருக்கிறது.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் என் மதினி 12 கிலோவை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தண்ணிக் குடத்தைவிட லேசாத்தான இருக்கு, இதுக்கு எதுக்கு இம்புட்டுச் சொல்லிக்குடுக்க?" என்றார். பலம் இருந்தது. ஆனால் ஆட்டச் சொன்னபோது கையால் தூக்கி முன்னால் நீட்டினார், சிறிது நேரத்தில் தோள் வலித்தது. சுவருக்கு ஓர் அடி முன்னால் முதுகு காட்டி நிற்கவைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தால் சுவரைத் தொட்டுவிட்டு நிமிரும்படி பழக்கினேன். குண்டே இல்லாமல் சில நாள் அதை மட்டும் செய்தார். பிறகு குண்டைக் கையில் கொடுத்தபோது கைகள் வெறும் கயிறாகத் தொங்க, இடுப்பு அதை முன்னால் வீசியது. வேலையிலிருந்து வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவது குறைந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

ஆகவே முதல் இரண்டு வாரம் ஸ்விங் பக்கம் போகாதீர்கள். சுவர்ப் பயிற்சி, குண்டைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் எடுத்து வைக்கும் டெட்லிஃப்ட், காப்லெட் ஸ்குவாட், குண்டை ஒரு கையில் தொங்கவிட்டு உடம்பு சாயாமல் முற்றத்தில் நடப்பது. இவை நான்கும் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து இரு கை ஸ்விங்: 10 முறை ஆட்டி, பேச்சு சீராக வரும்வரை ஓய்வெடுத்து, மறுபடி 10. குண்டு நெஞ்சு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே வரும்போது மூச்சைச் சட்டென்று வெளியே விடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம். தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகள் மாதக்கணக்கில் பழகிய பிறகுதான். அப்போதும் மேலே மின்விசிறி இல்லாத இடம் பார்த்து நில்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை உண்டு. டைல்ஸ் தரையில் வைத்தால் விரிசல் உறுதி, சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். மண் முற்றம் இருந்தால் அதைவிட நல்ல இடமில்லை. கைலியும் சேலையும் ஸ்விங்குக்கு ஆகாது, சுடிதாரோ டிராக் பேன்ட்டோ போடுங்கள். வளையல், கைக்கடிகாரம், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். செருப்பு வேண்டாம், வெறுங்கால் நல்லது. சின்னப் பிள்ளைகள் எதிரில் ஓடக் கூடாது. சித்திரை, வைகாசியில் வெயிலேறிய பிறகு செய்யாதீர்கள். வெயிலில் கிடந்த கைப்பிடியைத் தொடவே முடியாது.

எங்கள் பகுதிக்கென்று இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைகளின் மருந்து அறைக்குள் இரும்புக் கருவியை விடமாட்டார்கள், மோதலிலும் உரசலிலும் பொறி கிளம்பும் என்பதால். அதே விதி வீட்டுக்கும் பொருந்தும். பட்டாசுக் கட்டோ திரியோ வைத்திருக்கும் அறையில், அது தீபாவளிக்கு வாங்கியதாகவே இருந்தாலும், கெட்டில்பெல்லைக் கொண்டுபோகாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் மருந்துத் தூள் படிந்த உடையோடு தொடங்காமல், குளித்து உடை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஆழமாக மூச்சு வாங்கும்போது அந்தத் தூளும் உள்ளே போகும். குடலிறக்கம், ஜவ்வு விலகல், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஸ்விங் செய்யும்போது வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

"நம்மிடம் கர்லாக்கட்டை இல்லையா, இளவட்டக்கல் இல்லையா?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல்தோறும் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். அந்த மரபு தொடர வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் இளவட்டக்கல் ஒரே மூச்சில் முழுப் பலத்தையும் கேட்பது, வலியோடு இருப்பவர் அதில் தொடங்க முடியாது. கர்லாக்கட்டை தோளுக்கு அருமையானது, கெட்டில்பெல் அளவுக்கு இடுப்பைச் சோதிக்காது. தோள் இறுக்கம் மட்டும் உள்ளவர்கள் கர்லாக்கட்டையையே எடுக்கலாம், நல்ல ஆசான் அருகில் இருந்தால்.

என் தீர்ப்பு இது. வீட்டுக்கு ஒரே ஒரு 12 கிலோ வார்ப்பிரும்புக் கெட்டில்பெல் வாங்குங்கள். கணவன், மனைவி, பெரிய பிள்ளைகள் எல்லோரும் மாற்றி மாற்றிப் பழக அதுவே போதும். அறுபதைத் தாண்டியவர்களும் இதுவரை எடையே தூக்காதவர்களும் 8 கிலோவில் தொடங்கட்டும். டெட்லிஃப்ட்டும் ஸ்குவாட்டும் சுலபமாகிவிட்ட ஆண்கள் மூன்று மாதம் கழித்து 16 வாங்கலாம். 24-ஐ இப்போது வாங்காதீர்கள்.