ஒரே பாறை, வேறு வேறு மண்

மாத்தேரான் மலைக்குப் போய்த் திரும்பியவரை மும்பை மாஹிம் ஸ்டேஷனிலேயே அடையாளம் கண்டுவிடலாம். செருப்பில், பேன்ட் ஓரத்தில், பையின் அடியில் காவிப் புழுதி. அலசினாலும் லேசில் போகாது. மாஹிம் கழிமுகத்திலோ அலையாத்தி வேர்களைச் சுற்றிக் கருஞ்சேறு. (நாற்றத்தில் ஊர்ச் சாக்கடைக்கும் பங்கு உண்டு.) இரண்டுக்கும் பூர்வீகம் பெரும்பாலும் ஒன்றுதான்: சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணத்துப் பசால்ட் பாறை.

மலை மண்ணைக் காவியாக்கியது உயரமும் அது இழுத்து வரும் மழையும். சுமார் 800 மீட்டர் உயர மாத்தேரானிலும், 1,350 மீட்டரைத் தொடும் மஹாபலேஷ்வரிலும் கொட்டும் மழை, பாறையிலிருக்கும் சுண்ணாம்பு, மெக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டுபோகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். காவி நிறம் அந்த இரும்பின் துருதான். மலைக்கு அந்தப் பக்கம், மழை குறைந்த மேட்டுநிலத்தில், அதே சத்துகள் தங்கிக் கரிசலாகின்றன: ஈரத்தில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கிற மண். தாராவியிலிருக்கும் திருநெல்வேலிக்காரருக்கு இந்த வெடிப்பு பழக்கமானதுதான், ஆனால் தெற்கத்திக் கரிசலுக்கு எரிமலைப் பூர்வீகம் கிடையாது.

மாத்தேரானுக்குள் கார், பைக் போகாது. ஊர் நுழைவிலிருக்கும் தஸ்தூரியிலேயே இறங்கிவிட வேண்டும். குதிரை வேண்டாம், நடந்தே போங்கள். பாறை துருவேறி மண்ணாவதைப் பாதையோரத்திலேயே பார்க்கலாம்.