ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒரு வீடு

ரஸ்ஸல் லீ 1939-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் எடுத்த படங்களை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக எடுத்தவை. மெக்சிகர்கள் வாழும் பகுதி. லீ கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்; ஃபிளாஷை வீட்டுக்குள் கொண்டுபோகத் தயங்காதவர். சாமி மூலை, காகிதப் பூக்கள், புனிதர் படங்கள், சுவர் எல்லாம் ஒரே வெளிச்சத்தில். நிழல் எதையும் அழகாக்கவில்லை. எனக்கு அது பிடிச்சிருக்கு. ஏழ்மையைக் கவிதையாக்கும் படங்கள்தான் நமக்கு நிறையக் கிடைக்குதே.

ஆனா படக்குறிப்புகள் இடிக்குது. பீக்கன் கொட்டை உடைக்கும் பெண்களை எடுத்திருக்கிறார். ஆலையில் சங்கம் உண்டுன்னு குறிப்பு சொல்லுது. உட்கார்ந்திருப்பது யாருன்னு சொல்லலை. மெக்சிகப் பெண்கள், அவ்வளவுதான். முந்தைய ஆண்டு அந்த ஊரில் ஏறக்குறைய 12,000 பீக்கன் தொழிலாளர்கள் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். முன்னால் நின்ற எம்மா தெனாயூக்காவுக்கு அப்போ வயது 21. பிறந்ததே சான் அன்டோனியோவில். இந்த வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தாலும் லீயின் குறிப்பு அவரை மெக்சிகப் பெண் என்றுதான் எழுதியிருக்கும். சுவரில் தொங்கும் புனிதர்களையாவது பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடலாம்.